கர்ணத்தின் பொட்டு

“…கர்ணத்துப் பொட்டை அழிச்சுடு, ஆளு தலைகீழா உருண்டுடுவான்னு அந்தப் பக்கத்து வூட்டுப் பொண்ணு சொல்றா. உங்க பொண்ணு, அழிச்சுட்டேன்க்கா, இப்பத்தான் சரியா வருதுன்னு சொல்றா. என் ரெண்டு காதால கேட்டேங்க சம்பந்தி. ஞாயித்துக்கிழமை பேசிக்கினாங்க. செவ்வாக்கிழமை எம்புள்ள இஞ்சின் மேலேர்ந்து தலைகீழா வுழுந்துட்டான்,” என்றார் என் மாமியார்.

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறை. என் நைனா திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கியிருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மல்லாட்டை மண்டியில் தராசு பிடிக்கிறவர். வேட்டி மடிப்பில் மல்லாட்டைத் தோலின் செம்மண் தூசி அப்படியே இருந்தது. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் எதிரே தரையில். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. அவர் பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்தார். விழுந்த நாளிலிருந்து அந்தத் தூக்கை மாமியார் கீழே வைக்கவில்லை. அவரே சமைத்தார், அவரே மூடினார், அவரே எடுத்துக்கொண்டு நடந்தார். உலை வைக்கும்போது நான் அடுக்களைக்குள் போனால் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

என் டிரங்குப் பெட்டி வாசற்படி ஓரம் இருந்தது. சாயங்கால வண்டியில் நைனாவோடு நான் திண்டிவனம் போய்விட வேண்டும் என்பது மாமியார் முடிவு. போனால் எப்போது திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் சங்கடம்.

பரிசில்லாத போட்டி

போன வாரம் இதே பத்தியில் குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதும்போது, பாத்திரங்களின் வரிசைக்கு நடுவே நின்று பேப்பரில் கட்டம் நிரப்பினேன் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அது என்ன கட்டம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

அந்தக் காலத்தில் குறுக்கெழுத்து என்றால் பரிசுப் போட்டிதான். ‘மனிதனுக்கு மதிப்பு தருவது: கட்டம், ண, ம்’ என்று கேட்டிருப்பான். பணமா, குணமா? ஊர் முழுக்க இதே பேச்சு. குணம் என்று போடுகிறவன் யோக்கியன், பணம் என்று போடுகிறவன் விவரமானவன். இரண்டு பேருக்கும் பரிசு வராது.

நான் பிடித்துக்கொண்டது வேறு. ஒரு பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே ஒரு மூலையில் வரும். பரிசு கிடையாது. போட்டவர் பெயரும் கிடையாது. என் வீட்டுக்காரர் ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். வண்டியில் யாராவது விட்டுப்போன பேப்பரை வாங்கி, டிபன் டப்பாவைச் சுற்றிக் கொண்டுவருவார். அவர் விரல்பட்ட இடமெல்லாம் கரி. குறுக்கெழுத்துக் கட்டத்தில் எது அச்சுக் கறுப்பு, எது கைக் கறுப்பு என்று முதலில் பிரிக்க வேண்டும்.

நான் திண்டிவனத்தில் அஞ்சாவது வரை படித்தவள். மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில். முதன்முதலாகப் பார்த்த குறிப்பு இது: ‘வாத்தியார் சொல்வதன் காலை ஒடித்தால் சுவரில் மாட்டலாம் (3).’ யாரோ பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய ஆள் எழுதியது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் விடை வந்தது: படம். அப்போதும் விளங்கவில்லை. கேப்பைக் களி கிளறிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. வாத்தியார் சொல்வது பாடம். அதில் ஒரு கால் இருக்கிறது. அந்தக் காலை ஒடித்தால் படம். களி அடிபிடித்தது. அன்றைக்கு அவர் தீய்ந்த களியைத் தின்றுவிட்டு, இஞ்சின் நெருப்பே பரவாயில்லை என்றார்.

ஒரு தடவை ‘மண்ணுக்குள் இருந்தாலும் கிழங்கில்லை (6)’ என்று வந்தது. நான் மல்லாட்டை என்று எழுதிவிட்டு, ஒரு கட்டம் மீந்ததும் பத்திரிகைக்காரன் தப்பாகக் கட்டம் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். விடை நிலக்கடலையாம். அப்படி ஒரு பெயர் அதற்கு உண்டு என்று மண்டித் தராசுக்காரர் மகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜங்ஷனில் புத்தகக் கடை வைத்திருந்தவரிடம் ஒருமுறை பழைய பேப்பர் கேட்கப் போனேன். எதற்கு என்றார். சொன்னேன். பரிசு எவ்வளவு என்றார். பரிசில்லை என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “பரிசில்லாததுக்கு எவனாவது மண்டையை ஒடைச்சுக்குவானா? எங்கிட்ட மறைக்காதம்மா. நான் ஒண்ணும் பங்கு கேக்க மாட்டேன்,” என்றார். அதற்கப்புறம் நான் பிளாட்பாரம் பக்கம் போனாலே அவர் பார்வை என் கையிலிருக்கும் பேப்பரையே தொடரும்.

மதிலுக்கு மேலே

பக்கத்து வீட்டு மேரி அக்கா, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனின் மனைவி. பெருமுக்கல் பக்கத்துப் பெண். மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்தவர். நான் எதையோ வைத்துக்கொண்டு எனக்கு நானே முனகுகிறேன் என்று முதலில் என்மேலேயே சந்தேகப்பட்டார். பேப்பரைக் காட்டினேன். அந்த வாரமே அவருக்கும் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் பின்பக்கத்து மதிலில் கையை ஊன்றுவார். நான் இந்தப் பக்கம் சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் தேய்ப்பேன். குறிப்பை அவர் படிப்பார், விடையை இரண்டு பேரும் தேடுவோம்.

மேரி அக்கா ஒரு நாள் சொன்னார்: “இதுல ஒரு வார்த்தையும் யோக்கியம் கெடையாது சரோசா. ஒவ்வொண்ணையும் போலீஸ்காரன் மாதிரி நிறுத்தி, எங்கேர்ந்து வர்ற, எங்க போறன்னு விசாரிக்கணும்.” இத்தனை வருஷத்தில் குறுக்கெழுத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

எங்களுக்கென்று ஒரு பாஷையும் வந்துவிட்டது. முதலெழுத்து தலை. கடைசி எழுத்து வால். ‘கா’வில் நிற்பது கால். ‘கெ’யில் நிற்பது கொம்பு. மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளி, பொட்டு. இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. குறிப்பு எழுதுகிற அந்தப் பெயரில்லாத ஆசாமியே அப்படித்தான் எழுதுவார்.

வெளியே நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. ‘மகள் தலையை எடுத்தால் பனையிலிருந்து இறங்கும் (2)’ என்று ஒரு குறிப்பு. மகளில் ம போனால் கள். “மகள் தலையை வெட்டு, கள்ளு வந்துடும்” என்று மேரி அக்கா உரக்கச் சொன்னார். மதுவிலக்குக் காலம். தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த கேங்மேன் ஒருவர் நின்று, சுத்தியலைக் கீழே வைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மதிலருகே வந்தார். எங்கே இறக்குகிறார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். பேப்பரில் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. பொம்பளைங்க இவ்வளவு அழுத்தமா இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கர்ணத்தம்மா

மாமியார் எங்களோடு வந்து சேர்ந்தது அந்த வருஷம் நெல் அறுப்பு முடிந்த பிறகு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஊர். மாமனார் அந்த ஊருக்குக் கர்ணம். நிலக்கணக்கு எழுதுகிறவர். எந்த வரப்பு யாருக்கு என்று அவர் பேனா சொல்லும். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். ஊரில் மாமியாருக்குப் பெயரே கிடையாது, கர்ணத்தம்மாதான்.

அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தவருக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? கணக்கில் தோற்றவன் எவன் எந்தப் பக்கமிருந்து வருவான் என்று பார்த்துப் பார்த்தே காலம் போயிருக்கிறது. “எங்க ஊட்டுல நாய்க்கு வெச்சுப் பாத்துட்டுத்தான் விருந்தாளி குடுத்த பலகாரத்தைத் திம்போம்” என்று சாதாரணமாகச் சொல்வார். விழுப்புரத்தில் நாய் இல்லை. அதனால் யார் எதைக் கொடுத்தாலும் முதல் விள்ளலை எனக்குக் கொடுப்பார். பிரியத்தில் கொடுக்கிறார் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

அவர் வந்த பிறகு மதில் பேச்சை நாங்கள் தணித்துக்கொண்டோம். அது இன்னும் மோசமாகிவிட்டது. உரக்கப் பேசினால் யாரும் கவனிப்பதில்லை. குரலைத் தாழ்த்தினால் சுவரே காது வைத்துக் கேட்கிறது. ரெண்டு பேரும் இன்னா குசுகுசுன்னு பேசிக்கினுகிறாங்க என்று மகனிடம் விசாரித்திருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, “அது பேப்பர் பேஜாரும்மா, வுட்டுடு” என்று சொல்லியிருக்கிறார். மகன் சிரித்தது அவருக்கு இன்னொரு சந்தேகம். பிள்ளையையும் மயக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த குறிப்பு இது: ‘ஊர்க் கணக்கர் பொட்டு இழந்தால் தலைகீழாகப் புரளலாம் (4).’

நான் கணக்கப்பிள்ளை என்று நீட்டிப் பார்த்தேன், அடங்கவில்லை. என் மாமனாரே கர்ணம், அந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லை. மேரி அக்காதான் பிடித்தார். கர்ணம். ‘ர்’ மேலிருக்கும் பொட்டை எடுத்தால் கரணம். குட்டிக்கரணம் போடுகிறோமே, அந்தக் கரணம். பிடித்த சந்தோஷத்தில் தணிந்த குரல் மறந்துபோயிற்று. அவர் சொன்னதும் நான் சொன்னதும்தான், நீங்கள் மேலே என் மாமியார் வாயால் கேட்டது.

எனக்குப் பின்னால் கொல்லைக் கதவருகே முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூனை ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஷெட்டில், இஞ்சினுக்குப் பின்னால் கரி ஏற்றுகிற டெண்டர் மேல் நின்று கரி உடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக் கால் வழுக்கிவிட்டது. தோள் எலும்பு முறிந்தது, தலையில் தையல். கண்ணைத் திறப்பார், ஏதோ சொல்வார், மறுபடி தூங்கிவிடுவார். சில நாள் பார்க்க வேண்டும், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். முதல் நாள் வார்டு வாசலில் நின்று பார்த்தேன். டெட்டால் வாசனை. தலைக்கட்டுக்குக் கீழே அவர் காதோரத்தில் இன்னும் கரி ஒட்டியிருந்தது, யாரும் துடைத்துவிடவில்லை. உள்ளே காலெடுத்து வைத்தேன். மாமியார் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். அதற்கப்புறம் என்னை ஆஸ்பத்திரிக்கு விடவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன். அன்று படுத்தபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. வார்த்தை வார்த்தைதானே, அது போய் டெண்டர் மேல் நிற்கிறவரைத் தள்ளுமா? தள்ளாது. தெரியும். ஆனாலும் ‘அழிச்சுட்டேன்க்கா’ என்று நான் சொன்னது என் வாயில் கசந்தது. அந்தப் பேப்பரைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

பேப்பரிலேயே இருக்கிறது

நைனா தராசு முள்ளையே நம்பாதவர். மண்டியில் நிறுத்த மூட்டையை இறக்கி மறுபடி நிறுப்பார். மாமியார் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பக்கம் சாயவும் இல்லை, என் பக்கம் சாயவும் இல்லை. என்னைப் பார்த்து, “சொன்னியா?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னேன் நைனா.”

சொம்பைக் கீழே வைத்தார். பெற்ற பெண்ணைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. ஈரக் காய் கலந்த மூட்டையைப் பார்க்கிற பார்வை.

நான் பரணிலிருந்து பேப்பரை எடுத்துவந்து நைனா கையில் கொடுத்தேன். விரலை வைத்துக் குறிப்பைக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஊர்க் கணக்கர் என்று குரல் நன்றாகத்தான் தொடங்கியது. பொட்டு இழந்தால் என்று வந்ததும் இறங்கிவிட்டது. தலைகீழாக என்பதை உதட்டில் படித்தார். அச்சடித்த காகிதம் இதைச் சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“பாத்தீங்களா. பேப்பர்லயே போட்டுக்கிறான்,” என்றார் மாமியார்.

அவர் புத்தி அங்கிருந்து எங்கெங்கோ ஓடியது. மெட்ராஸில் இருக்கிற பேப்பர்காரனுக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கர்ணம் வீட்டைப் பற்றி யார் சொன்னது? பங்காளிகளில் ஒருவன் மெட்ராஸ் போய்வந்திருக்கிறான். ஏரிக்கரை நிலம் கிடைக்காதவன். அவன்தான் சொல்லிப் போடவைத்திருப்பான். செய்வினையைத் தகட்டில் எழுதிப் புதைப்பதுதான் கேள்விப்பட்டது, இப்போது பேப்பரில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். மருமகள் அதைப் படித்து முடித்து வைத்திருக்கிறாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அவர் குறுக்கெழுத்துப் போட்டிருந்தால் எங்கள் இரண்டு பேரையும் மிஞ்சியிருப்பார்.

“இது வெளையாட்டுங்க,” என்று நைனா மெதுவாக ஆரம்பித்தார்.

“வெளையாட்டுக்கு ஏங்க பொட்டு?” என்றார் மாமியார். நைனா பேப்பரை என் பக்கம் நீட்டினார்.

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு சொல் தெரியும். ஊரில் அவர்கள் வீட்டுக் கதவில் வெள்ளைப் பெயின்டில் ‘கர்ணம்’ என்று எழுதியிருக்கும். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து மூடியவர். ஒருமுறை அவரே சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

பேப்பரை வாங்கித் தரையில் விரித்தேன். ஓரத்து வெள்ளை இடத்தில் பென்சிலால் பெரிதாகக் கர்ணம் என்று எழுதினேன்.

குனிந்து பார்த்தார். தொடவில்லை. “எங்க ஊட்டுக் கதவு,” என்றார்.

“ஆமா அத்தை. இதான் பேப்பர்ல கேட்டது. நம்ம வூட்டைக் கேக்கல, இந்தச் சொல்லைக் கேக்கறான். இதோ, இந்த எழுத்து மேல இருக்கிற புள்ளியைத்தான் பொட்டுன்னு சொல்றான்.” விரலை எச்சில் தொட்டு ‘ர்’ மேலிருந்த புள்ளியைத் தேய்த்தேன். “இப்ப கரணம்னு ஆயிடுச்சு. பசங்க குட்டிக்கரணம் அடிக்கிறாங்க இல்ல, அது. அதான் தலைகீழா. அவ்வளவுதான் அத்தை. இதைத்தான் நாங்க பேசிக்கினிருந்தோம்.”

ஜங்ஷன் பக்கம் ஒரு வண்டி நீராவியை விட்டது, அது அடங்குகிற வரைக்கும் மாமியார் அந்தச் சொல்லையே பார்த்தார்.

“புள்ளின்னு சொல்லிட்டுப் போறதுதானே? பொட்டுன்னு ஏன் சொல்றான்? ஏமாத்தறதுக்கா?”

“ஏமாத்தறதுக்குத்தான் அத்தை.”

“ஏமாத்தறான்னு தெரிஞ்சே படிக்கிறியா?”

“ஆமா அத்தை.”

இந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தது என்பதைவிட, நான் பொய் சொல்லியிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன் என்று பட்டிருக்க வேண்டும். மறுபடி குனிந்தார்.

“இதுல ரெண்டு பொட்டு இருந்துச்சு. நீ எதை அழிச்ச?”

“முன்னால இருந்ததை.”

“பின்னால இருக்கிறது?”

“அது ‘ம்’ மேல இருக்கிறது. அதை அழிக்கக் கூடாது அத்தை. அழிச்சா சொல்லே கெட்டுப்போயிடும்.”

“முன்னால இருந்தது என்னுது,” என்றார் மாமியார். “அது போயி எத்தினியோ வருசமாச்சு. பின்னால இருக்கிறது உன்னுது.”

அப்படியெல்லாம் இதில் அர்த்தம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். நைனா வேண்டாமென்று தலையை லேசாக அசைத்தார்.

மாமியார் என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், அம்மிக் குழவியைப் பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்தார். நான் ஓரத்தில் எழுதியதை விட்டுவிட்டு, அச்சடித்த கட்டத்தில் நான் ஞாயிற்றுக்கிழமை நிரப்பியிருந்த அந்த நாலெழுத்தை அவரே தேடிக் கண்டுபிடித்தார். கடைசிக் கட்டத்தில், ‘ம்’ மேல் ஏற்கெனவே இருந்த புள்ளியின் மேலேயே பென்சிலை வைத்து அழுத்தித் திருகினார். புள்ளி மிளகளவுக்குக் கறுத்தது. தாள் கிழிந்து பென்சில் முனை தரையில் இடித்தது. அதற்கப்புறம் மடியிலிருந்த தூக்கை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார்.